உளுக்கும் பழைய மரச்சாமானில் பூச்சியை ஒழிப்பது எப்படி: முழு வழிகாட்டி

ஊரிலிருந்து வந்த கணக்குப்பெட்டி, பாட்டி கொடுத்த மரப்பாச்சி, பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய பல்லாங்குழி என்று எதுவாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். ஒரு நாள் வீடு பெருக்கும்போது அதன் அடியில் மாவு கொட்டிக் கிடக்கும். உடனே கை பூச்சிமருந்து டப்பாவைத் தேடும். அடித்து முடித்ததும் ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசி, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். நாலைந்து மாதத்தில் வார்னிஷைத் துளைத்துக்கொண்டு புது ஓட்டை வரும்.

ஓட்டை என்பது பூச்சி உள்ளே போன வழி இல்லை. உள்ளே புழுவாக இருந்து, தின்று வளர்ந்து, வண்டாகி வெளியேறிய வாசல் அது. வாசலில் மருந்து அடிக்கும்போது அந்த வண்டு கிளம்பிப் போய்விட்டது. அடுத்த தலைமுறைப் புழு ஓர் அங்குலம் தள்ளி வேறொரு சுரங்கத்தில் நிம்மதியாக இருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். அடைப்பதும் பாலிஷும் கடைசி.

1. முதலில் ஒதுக்கி வையுங்கள்

சந்தேகம் வந்ததுமே சாமானைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நாடா ஒட்டி, தனியாக வையுங்கள். இந்த வண்டுகள் பறக்கும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் பெரும்பாலும் ரப்பர் மரம். மாவுச்சத்து நிறைந்த அந்த மரம் என்றால், மரத்தை மாவாக்கும் பொடி வண்டுக்கு விருந்து.

சாமான் ஈரமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டுப் பிறகு சுற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும். வீட்டுக்கு வெளியே நடைபாதையில் வைக்க வேண்டாம். தீ விபத்தின்போது வெளியேறும் வழி அது. அதோடு, பூச்சியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் நல்லதில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

டார்ச் விளக்கு, பூதக்கண்ணாடி (கைபேசிக் கேமராவே போதும்), கறுப்புத் தாள், மெல்லிய தூரிகை, தூசி உறிஞ்சி, முகக்கவசம், அளவு நாடா, குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கக்கூடிய வெப்பமானி. இப்போதைக்கு இவ்வளவு போதும். மருந்து, உறை, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் எல்லாம் எந்தப் பூச்சி, எவ்வளவு பெரிய சாமான் என்று தெரிந்த பிறகுதான். முன்னாலேயே வாங்கினால் கையில் இருப்பதைப் பயன்படுத்தத்தான் மனம் போகும்.

3. யாருடைய வேலை என்று பாருங்கள்

கொட்டியதைத் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் எடுத்துக் கறுப்புத் தாளில் போட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள்.

முகப்பவுடர் போல வழவழவென்று இருந்து, மரத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் வட்ட ஓட்டை இருந்தால் அது பொடி வண்டு. இங்கே அதிகம் பார்ப்பது இதைத்தான். ஓட்டை இன்னும் பெரிதாக, 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதன் பங்காளி வகை வண்டு ஒன்றாக இருக்கலாம். மூங்கிலும் பிரம்பும் அந்தக் குடும்பத்துக்குப் பிடித்தமானவை. சாமானோடு வந்த மூங்கில் கூடையே பூச்சியைக் கொண்டுவந்திருப்பதும் உண்டு, அதையும் பாருங்கள்.

தேய்க்கும்போது மணல் போல நறநறவென்றால் அது வண்டு வேலை இல்லை, உலர்மரக் கறையான். கைபேசிக் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே அளவில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னச் சின்ன மணிகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை. இது கறையானின் எச்சம். ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டும். மரத்தின் மேல்தோல் தாள் போல மிஞ்சியிருக்க, உள்ளே வெறும் கூடாக இருக்கும். விரல் கணுவால் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுக்கும்.

சாமானின் காலிலோ அது சாய்ந்திருந்த சுவரிலோ மண் குழாய் ஓடியிருந்தால் இந்த வழிகாட்டியை மூடி வையுங்கள். அது மண் கறையான். சிக்கல் கட்டடத்தில் இருக்கிறது, சாமானை மட்டும் கவனித்துப் பயனில்லை. குழாயை உடைக்காமல் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழையுங்கள். உடைத்தால் அது வேறு வழி தேடிக்கொள்ளும்.

அடுத்து, மரத்தில் எந்தப் பகுதி என்று பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கைப் பொடி வண்டு பெரும்பாலும் தொடாது. அது தேடுவது வெளிப்புற வெள்ளைப் பகுதியை. பழைய பெட்டிகளில் முகப்பு தேக்காக இருக்கும், பின்பலகையும் இழுப்பறை அடியும் மலிவு மரமாக இருக்கும். ஆசாரி செலவைக் குறைத்த இடத்தில்தான் வண்டும் குடியேறும். டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, கண்ணுக்குப் படாத பக்கங்களை முதலில் பாருங்கள்.

இங்கிலாந்தில் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை பேசுவது குளிர்நாட்டு மரவண்டைப் பற்றி. அதன் புழு மரத்துக்குள் பல ஆண்டுகள் கிடக்கும், கோடையில் மட்டும் வெளியே வரும். இங்கே கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. பொடி வண்டு சில மாதங்களில் ஒரு சுற்றை முடித்துவிடும், எந்த மாதத்திலும் வெளிவரும்.

4. உயிரோடு இருக்கிறதா?

ஓட்டை இருப்பதாலேயே பூச்சி இருப்பதாக ஆகாது. அறுபது வருடம் முன்பே காலியான ஓட்டைக்கு மருந்தடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புது ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருக்கும், உள்சுவர் வெளிர் நிறத்தில் இருக்கும். பழையதில் அழுக்கும் மெழுகும் சேர்ந்து கறுத்திருக்கும். பொடிக்கும் இதே கணக்கு. வெளுப்பாகவும் உதிரியாகவும் இருந்தால் புதிது. மங்கி, கட்டி தட்டியிருந்தால் பழையது.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. சாமானைத் தூக்கி நகர்த்தினாலே பழைய சுரங்கப் பொடியும் உதிரும். அதனால் முதலில் தட்டி, உறிஞ்சி எடுத்துவிட்டு, இருக்கும் ஓட்டைகளை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அடியில் கறுப்புத் தாளை விரித்து, தொடாமல், அசைக்காமல் மூன்று நான்கு வாரம் விடுங்கள். தாளில் புதுப் பொடியோ, படத்தில் இல்லாத ஓட்டையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள், அல்லது சாமான் மிகவும் மதிப்புள்ளது என்று நினைப்பவர்கள், இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். உறைய வைப்பதும் ஆக்சிஜன் நீக்குவதும் பூச்சி இல்லாத மரத்துக்குக் கெடுதல் செய்வதில்லை, எந்தச் சாமானுக்கு ஆகாது என்று கீழே சொல்லியிருப்பதைக் கவனித்தால் போதும்.

5. இவற்றைச் செய்யாதீர்கள்

மண்ணெண்ணெய் ஊற்றுவது ஊர் வழக்கம். அடுக்குமாடி வீட்டில் அது தீயை அழைத்து வைப்பது. ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு அது போய்ச் சேர்வதுமில்லை. வேப்பெண்ணெயும் அப்படியே. மேலே பிசுக்காகத் தங்கி, தூசியைப் பிடித்து, பிறகு நீங்கள் பூச வேண்டிய மருந்தையும் மரத்துக்குள் இறங்கவிடாது.

வெயிலில் காயவைப்பதைப் பலர் நம்புகிறார்கள். பூச்சி சாக மரத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய 55 டிகிரிக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சன்னலோர வெயிலில் மேற்பரப்பு சுடும், நடுமரம் சுடாது. அதற்குள் பழைய வச்சிரப்பசை இளகி மூட்டு பிரியும், பலகை வெடிக்கும். மைக்ரோவேவ் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளே மறைந்திருக்கும் ஒரே ஓர் ஆணி போதும்.

அந்துருண்டை மரத்துக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது. வீட்டில் ஜி6பிடி குறைபாடுள்ள (சில பொருள்களால் இரத்தச் சிவப்பணு சிதையும் பிறவிக் குறைபாடு) குழந்தை இருந்தால் அந்துருண்டையை வாசலுக்கு உள்ளேயே விடக்கூடாது. அப்புறம், பேட்டையில் கொசுவுக்கு அடிக்கும் புகை வீட்டுக்குள் வந்தால் இதுவும் சாகும் என்று ஒரு நம்பிக்கை. சாகாது.

6. சுத்தம் செய்து, எந்த வழி என்று முடிவெடுங்கள்

முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூரிகையால் தள்ளித் தள்ளி, தூசி உறிஞ்சியால் எடுங்கள். பொடியை அகற்றாமல் விட்டால் சிகிச்சைக்குப் பிறகு விழுவது பழசா புதுசா என்று சொல்லவே முடியாது. உறிஞ்சியின் பையைக் கட்டி அன்றே குப்பைக் குழாயில் போடுங்கள்.

கையில் அடங்கும் சாமான், ஒட்டுவேலை இல்லாத வெறும் மரம் என்றால் உறைய வைக்கலாம். பெட்டி, சிறு மேசை, ஊஞ்சல் பலகை, சாயம் பூசிய பொருள் என்றால் ஆக்சிஜன் நீக்கும் முறை. அலமாரி, கட்டில், கதவு நிலை என்றால் நிறுவனம்.

7. உறைய வைப்பது

பல்லாங்குழி, முறுக்கு உழக்கு, மர அஞ்சறைப்பெட்டி, மரப்பாச்சி போன்றவற்றுக்கு இதுவே சிறந்தது. மருந்தே படாது. மரப்பாச்சியை உரசிக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

சாமானைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். வெப்பம் மாறும்போது வெளிவரும் ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, நன்றாக மூடுங்கள். உறைபெட்டி முன்கூட்டியே முழுக் குளிரில் இருக்க வேண்டும். மெல்ல மெல்லக் குளிர்ந்தால் சில பூச்சிகள் தங்களைப் பழக்கிக்கொள்ளும்.

வீட்டு உறைபெட்டி வழக்கமாக மைனஸ் 18 டிகிரி. அதற்கு இரண்டு வாரம். வெப்பமானி வைத்துப் பாருங்கள், முகப்பில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மீனும் கோழியும் எடுக்க ஒரு நாளைக்குப் பத்து முறை திறக்கும் பெட்டியில் மைனஸ் 12-ஐத் தாண்டாத நிலையும் இருக்கும்.

எல்லோரும் சறுக்குவது வெளியே எடுக்கும்போது. எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். நம் ஈரக்காற்று சில்லென்ற மரத்தில் பட்டால் வேர்த்து, மேல்பூச்சு வெளுத்துப்போகும். மூடிய பையை மேசைமேல் ஒரு முழு நாள் வைத்திருங்கள். வேர்ப்பது பையின் வெளிப்பக்கத்தோடு நிற்கும்.

தஞ்சாவூர் ஓவியம், வீணை, மிருதங்கம், தந்தம் பதித்த பெட்டி, மெல்லிய பலகை ஒட்டிய சாமான் எதையும் உறைய வைக்காதீர்கள். மரம், பசை, தோல், சுண்ணப் பூச்சு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். நடுவில் விரிசல் விடும்.

8. ஆக்சிஜன் இல்லாமல் வைப்பது

அருங்காட்சியகங்கள் செய்யும் முறை இது. வீட்டிலும் முடியும், ஆனால் ஒவ்வொரு படியிலும் கவனம் வேண்டும். காற்று புகாத உறைக்குள் சாமானை வைத்து, இரும்புத்தூள் பொட்டலங்களால் ஆக்சிஜனை உறிஞ்சி எடுத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் மூச்சில்லாமல் சாகும். அளவு 0.5 சதவீதத்துக்குக் கீழே போய், அங்கேயே நிற்க வேண்டும்.

உறை: சாதாரண பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் கசிந்து வந்துகொண்டே இருக்கும். இந்த முறை தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அலுமினியப் படலம் சேர்ந்த, சூட்டில் ஒட்டக்கூடிய உறைத்தாள் வாங்குங்கள். துணி இஸ்திரியாலோ, முடி நேராக்கும் கருவியாலோ ஓரங்களை ஒட்டலாம். துண்டுத் தாளில் ஒட்டிப் பழகிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வரிசை ஒட்டியதும் அதற்கு இணையாக இன்னொன்று. சாமானின் கூர்முனைகளில் அட்டையோ துணியோ வைத்துக் கட்டுங்கள். ஊசிமுனை ஓட்டை ஒன்று விழுந்தாலும் நாலு வாரமும் வீண்.

எத்தனை பொட்டலம்: காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். 60 × 40 × 35 சென்டிமீட்டர் பெட்டியின் கொள்ளளவு 84 லிட்டர். உறையில் சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து 100 லிட்டர் என்று வையுங்கள். அதில் ஆக்சிஜன் 21 லிட்டர், அதாவது 21,000 மில்லிலிட்டர். 2,000 மில்லிலிட்டர் உறிஞ்சும் பொட்டலம் என்றால் 11 வேண்டும். கசிவுக்கும், பிரித்துப் போடும் நேரத்தில் வீணாவதற்கும் பாதிக்குப் பாதி கூட்டி 16 போடுங்கள். மரத்தின் கன அளவைக் கழித்துப் பொட்டலத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அரிசிப் பைக்கும் பலகாரத்துக்கும் விற்கும் பொட்டலங்களும் இதே வகைதான். எண்ணிக்கைதான் கூடும். ஆனால் சிலிக்கா ஜெல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனை இல்லை. இரண்டையும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். இரும்புத்தூள் வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதை ஜெல் பிடுங்கிக்கொள்ளும், மரத்தையும் காயவைத்து வெடிக்க வைக்கும்.

முதலில் மூன்று பக்கம் ஒட்டி, சாமானை உள்ளே வைத்து, நான்காவது பக்கத்தையும் முக்கால்வாசி ஒட்டிவிட்ட பிறகே பொட்டலங்களைப் பிரியுங்கள். பிரித்த நொடியிலிருந்து அவை அறைக் காற்றை உறிஞ்சத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் உள்ளே போய் உறை மூடியிருக்க வேண்டும். நல்ல பொட்டலம் தொட்டால் உள்ளே தூளாக நெகிழும். கல்லாக இறுகியிருந்தால் அது செத்த பொட்டலம். வேலை செய்யும்போது சூடாகும், அதனால் ஒரே குவியலாகப் போடாமல் பரப்பி, மரத்தில் படாதபடி அட்டைமேல் வையுங்கள்.

ஆக்சிஜன் காட்டி வில்லை ஒன்றையும் உள்ளே தெரியும்படி வையுங்கள். உறைத்தாள் மறைக்கும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் ஒளி ஊடுருவும் தடுப்புத்தாளாக வாங்கினால் வசதி. நீலமாக இருக்கும் வில்லை, ஆக்சிஜன் போனதும் இளஞ்சிவப்பாகும். உறையும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிச் சாமானோடு ஒட்டும். இரண்டு மூன்று நாளில் இது நடக்காவிட்டால் எங்கோ கசிகிறது. தேடி ஒட்டி, புதுப் பொட்டலம் போட்டு, நாள் கணக்கைத் திரும்பத் தொடங்குங்கள்.

வில்லை சிவந்த நாளிலிருந்து நான்கு வாரம். அந்த அறையில் குளிரூட்டியைப் போடாதீர்கள். குளிரில் பூச்சி மூச்சைக் குறைத்துக்கொண்டு நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். 28, 30 டிகிரியில் அதனால் முடியாது. நம் ஊர் வெக்கை உதவும் ஒரே வேலை இது.

நீலச் சாயம் பூசிய பழைய பொருள் என்றால் ஒரு மரபுப் பொருள் பாதுகாப்பு வல்லுநரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிரஷ்யன் நீலம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நிறம் மாறும். நைட்ரஜன் உருளை வைத்துச் செய்யும் காணொளிகளைப் பார்த்து வீட்டில் முயல வேண்டாம். மூடிய அறையில் அது பூச்சிக்கு முன்னால் மனிதரைச் சாய்க்கும்.

9. நிறுவனத்தை அழைக்கும்போது

பெரிய சாமானுக்கு நச்சுவாயு அடைப்பு அல்லது ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய வெப்ப அறை. இரண்டும் உரிமம் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடுத்த கேள்வி, எந்த வாயு? பாஸ்பீன் என்றால் பித்தளைக் குமிழ், செம்புப் பட்டை எல்லாம் கறுத்து அரிக்கும். கழற்ற முடியாவிட்டால் வேறு வாயு கேளுங்கள்.

வந்தவர் ஓட்டைகளில் ஊசியால் மருந்து ஏற்றிவிட்டுப் போகிறேன் என்றால் அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வாயு முறையானாலும் மரத்தில் மருந்து எதுவும் தங்கிக் காவல் காக்காது. மறுநாளே வேறு வண்டு வந்து முட்டையிடலாம். அதனால் அடுத்த படி எல்லோருக்கும் பொது.

10. காத்திருந்து, மருந்து பூசி, அடையுங்கள்

திரும்பக் கறுப்புத் தாள். குறைந்தது மூன்று மாதம். புதுப் பொடி இல்லை என்றால் மேல்பூச்சு இல்லாத அடிப்பக்கத்திலும் பின்பலகையிலும் போரேட் கரைசலை, அதாவது மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் போரான் உப்பு மருந்தைப் பூசுங்கள், அளவு லேபிளில் உள்ளபடி. வார்னிஷ் இருக்கும் இடத்தில் அது இறங்காது, பூசி வீணாக்க வேண்டாம். சாப்பாடு படும் சாமான்களிலும், குழந்தை வாயில் வைக்கும் பொம்மைகளிலும் கூடாது.

நன்றாக உலர்ந்த பிறகு அதே வெறும் பக்கங்களுக்கு மெழுகோ வார்னிஷோ பூசுங்கள். பொடி வண்டு முட்டையிடுவது மரத்தின் திறந்த நுண்துளைகளில். அவை மூடியிருந்தால் வேறு இடம் பார்க்கும். இந்த இரண்டின் வரிசையை மாற்றினால் போரேட்டுக்குச் செய்த செலவு போச்சு.

கடைசியாக, நிறம் சேர்ந்த மெழுகுக் குச்சியால் எல்லா ஓட்டைகளையும் அடையுங்கள், பார்வைக்குப் படாதவற்றையும் சேர்த்து. அழகு இரண்டாம்பட்சம். எல்லாம் அடைபட்டிருந்தால்தான் நாளை ஒன்று திறந்தால் அது புதிது என்று சந்தேகமில்லாமல் தெரியும். அழுத்தினால் நொறுங்கும் அளவுக்கு மரம் இற்றுப்போயிருந்தால் அதை இறுக்கும் பிசின் கரைசல்கள் உண்டு. அவற்றில் இருக்கும் கரைப்பான் பழைய அரக்குப் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால் அதை வல்லுநரிடம் விடுங்கள்.

11. பிறகு எங்கே வைப்பது

குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். பின்னால் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். காற்றும் போகும், டார்ச் அடித்துப் பார்க்கவும் முடியும். கொலு வைக்க, தீபாவளிக்குத் துடைக்க என்று எடுக்கும்போதெல்லாம் அடிப்பக்கத்தை ஒரு முறை பாருங்கள். புதிதாக வாங்கும் பழைய சாமானை நேரே கூடத்துக்குக் கொண்டுவராமல், முதல் படியில் சொன்னபடி சுற்றி ஒதுக்கி, நான்காம் படிச் சோதனை முடிந்த பிறகு சேருங்கள்.

காப்பாற்ற முடியாத அளவுக்குப் போனதை வீசுவதென்றால், கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு வராதீர்கள். நல்ல சாமான் என்று யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி, பூச்சி அரித்தது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, நகர மன்றத்துக்குச் சொல்லி எடுத்துப்போகச் செய்யுங்கள்.